உடம்பில் இரும்புச்சத்து கூடிவிட்டால் ரத்த தானம் செய்யலாமா?

போன மாதம் நண்பன் ஒருவனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. வேலையிடத்தில் செய்த உடற்பரிசோதனை முடிவைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்: ஃபெரிட்டின் 780.

"அயர்ன் ஓவரா இருக்காம்டா. ஜிம்ல ஒருத்தன் சொல்றான், நாலு தடவை பிளட் டொனேட் பண்ணா தானா இறங்கிடுமாம். புண்ணியமும் ஆச்சு, டாக்டர் காசும் மிச்சம். போகட்டுமா?"

"போடா, நல்லதுதானே" என்று பதில் எழுதினேன். அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டேன். செய்திப் பிரிவில் வேலை பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். தெரியாததைச் சொல்லக் கூடாது, முதலில் படித்துப் பார்.

படித்துப் பார்த்ததில், அந்த ஜிம் நண்பர் சொன்னது பாதி சரி. இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் மரபுவழிக் கோளாறு ஒன்று இருக்கிறது. ரத்தத்தை எடுத்து வெளியேற்றுவதுதான் அதற்கு முக்கியச் சிகிச்சை. அப்படி எடுக்கும் ரத்தமும் பெரும்பாலும் மற்றவர்களுக்குப் பயன்படக்கூடிய நல்ல ரத்தம்தான். சிக்கல் எங்கே என்றால், "காசும் மிச்சம்" என்று நண்பன் எழுதினானே, அங்கேதான்.

உள்ளே வந்த இரும்பு வெளியே போகாது

நம் உடம்பில் இருக்கும் இரும்பு மொத்தம் 3 முதல் 4 கிராம்தான். ஒரு சின்ன ஆணியின் எடை. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி கல்லீரலிலும் வேறு சில இடங்களிலும் சேமிப்பில் இருக்கும்.

விஷயம் என்னவென்றால், கூடுதல் இரும்பை வெளியே தள்ள உடம்பில் வழி கிடையாது. உப்பு அதிகமானால் சிறுநீரகம் வெளியேற்றும். இரும்புக்கு அந்த வசதி இல்லை. தோல், குடல் ஆகியவற்றின் செல்கள் உதிரும்போது ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம் போகும், அவ்வளவுதான். பெண்களுக்கு மாதவிலக்கில் இன்னும் கொஞ்சம் போகும். அதனால் உடம்பு வாசலிலேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன்தான் காவலாளி. சேமிப்பு போதும் என்றால் ஹெப்சிடின் கூடும், சாப்பாட்டில் இருக்கும் இரும்பைக் குடல் உள்ளே விடாது. சேமிப்பு குறைந்தால் ஹெப்சிடின் இறங்கும், கதவு திறக்கும்.

ஹீமோகுரோமாடோசிஸ் என்ற மரபுவழி நோயில் இந்தக் காவலாளி சரியாக வேலை செய்வதில்லை. சேமிப்பு நிரம்பி வழிந்தாலும் கதவு திறந்தே கிடக்கும். ஒரு நாளைக்குக் கூடுதலாக 2 மில்லிகிராம் உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டுக்கு 730 மில்லிகிராம், 20 ஆண்டுக்கு 14 கிராமுக்கு மேல். ஒரு ஆணிக்குப் பதில் நாலைந்து ஆணி.

அது கல்லீரலிலும் கணையத்திலும் இதயத்திலும் மூட்டுகளிலும் படிகிறது. விளைவுகள் மெதுவாக வரும்: தீராத களைப்பு, ஆள்காட்டி விரல், நடுவிரல் கணுக்களில் வலி, தோல் வெண்கல நிறமாக மாறுவது, நீரிழிவு. கவனிக்காமல் விட்டால் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும், புற்றுநோய்கூட வரலாம். ஆண்களுக்குப் பெரும்பாலும் 40 வயதுக்குமேல்தான் அறிகுறி தெரியும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு.

களைப்பு என்றதும் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "முகமே வெளுத்துப் போச்சு, ரத்தம் இல்ல, ஈரல் வாங்கிட்டு வரேன், டானிக் குடி" என்று அம்மா தொடங்கிவிடுவார். பலருக்கு அந்த அறிவுரை சரியாகவே இருக்கும். இந்த நோய் உள்ளவருக்கு அந்த டானிக் எரிகிற வீட்டில் எண்ணெய்.

ஐரிஷ்காரர்களின் நோயாச்சே, நமக்கென்ன?

இந்த நோய்க்கான முக்கிய மரபணுவை 1996ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். பெயர் எச்எஃப்ஈ. அதில் சி282ஒய் என்ற மாற்றம் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டும் வந்து சேர்ந்தால் நோய் வரும் வாய்ப்பு உண்டு. அயர்லந்தில் 83 பேரில் ஒருவருக்கு இப்படி இரண்டும் இருக்கிறது. அதனால்தான் ஆங்கிலத்தில் இதைக் கெல்ட் இனத்தாரின் சாபம் என்று சொல்லும் வழக்கம்கூட இருக்கிறது. இரண்டும் இருந்தாலும் எல்லாருக்கும் நோய் முற்றுவதில்லை, அதுவும் உண்மை.

நம்மிடையே, அதாவது இந்தியர், சீனர், மலாய்க்காரர்களிடம், சி282ஒய் மிகவும் அரிது. ஆனால் ஹெப்சிடினோடு தொடர்புள்ள வேறு மரபணுக்களில் கோளாறு ஏற்பட்டும் இரும்பு சேரும். அந்த வகைகள் ஆசியர்களிடமும் காணப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒரு வகை 30 வயதுக்குள்ளேயே இதயத்தைப் பாதிக்கும் அளவுக்கு வேகமானது. அரிது என்பதால் இல்லவே இல்லை என்று ஆகிவிடாது. கலப்புத் திருமணம் இயல்பாகிவிட்ட ஊர் வேறு இது.

ஆனாலும் ஃபெரிட்டின் எண்ணைப் பார்த்த உடனே இந்த முடிவுக்கு வந்துவிட வேண்டாம். ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேமிக்கும் புரதம். இரும்பு கூடினால் அது கூடும். கொழுப்புக் கல்லீரல், மது, உடல் பருமன், உள்ளே எங்கோ ஓர் அழற்சி, சமீபத்தில் வந்த காய்ச்சல், இவற்றாலும் கூடும். நம் வட்டாரத்தில் கூடுதல் ஃபெரிட்டினுக்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கும். அடுத்துப் பார்க்க வேண்டியது டிரான்ஸ்ஃபெரின் செறிவு. ரத்தத்தில் இரும்பைத் தூக்கிச் செல்லும் வண்டிகளில் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்று அது காட்டும். 45 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் மருத்துவர் மரபணுச் சோதனை பற்றி யோசிப்பார். அதற்குக் கீழே இருந்தால் பார்வை கல்லீரல் பக்கம் திரும்பும்.

அந்த ரத்தம் நல்ல ரத்தமா?

நோயுள்ளவரின் ரத்தம் என்றதும் ஒரு தயக்கம் வருகிறது. எனக்கும் வந்தது. அதிக இரும்பு உள்ள ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால் அவருக்கும் அந்தத் தொல்லை போகாதா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். 450 மில்லிலிட்டர் ரத்தப் பை ஒன்றில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கும். கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினுக்குள் இருப்பது. ஒருவரின் ஹீமோகுளோபின் சாதாரண அளவில் இருந்தால் அவருடைய பையிலும் உங்கள் பையிலும் இரும்பு ஏறக்குறைய ஒன்றுதான். சிவப்பணுக்களுக்கு வெளியே, ரத்தத்தின் நீர்ப்பகுதியில் மிதக்கும் இரும்பு ஒரு பையில் 1 மில்லிகிராம்கூடத் தேறாது. நோயால் அது இரண்டு மடங்கானாலும் 200க்குப் பக்கத்தில் அது ஒன்றுமில்லை. கூடுதலாகச் சேர்ந்த இரும்பெல்லாம் கொடுத்தவரின் கல்லீரலிலேயே கிடக்கிறது.

மரபணு? அதுவும் ஒட்டிக்கொள்ளாது. சிவப்பணுவுக்குள் மரபணுவே கிடையாது. ரத்தம் பெறுபவரின் குடல் வாசலை அவருடைய சொந்தக் கல்லீரல்தான் காவல் காக்கிறது.

கொடுத்தவருக்கு என்ன நன்மை என்றால், பையில் போன 200 சொச்சம் மில்லிகிராமை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை புதிய சிவப்பணுக்களை உருவாக்க வேண்டும். அதற்கான இரும்பைச் சேமிப்பிலிருந்து எடுக்கும். இப்படித்தான் பை பையாகக் கல்லீரல் காலியாகிறது. 10 கிராம் கூடுதலாகச் சேர்த்து வைத்திருப்பவருக்கு 40, 50 பைகள் எடுக்க வேண்டியிருக்கும். தொடக்கத்தில் வாரம் ஒரு பை என்று எடுப்பார்கள், ஓர் ஆண்டுகூட ஆகலாம். ஃபெரிட்டின் 50 முதல் 100க்குள் வந்த பிறகு ஆண்டுக்கு இரண்டு முதல் நாலு தடவை போதும், வாழ்நாள் முழுக்க. பழுதடையும் முன்பே தொடங்கிவிட்டால் மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழலாம். மருந்து மாத்திரை இல்லாமல் இப்படிக் கட்டுக்குள் வைக்கக்கூடிய மரபணு நோய் அதிகமில்லை.

அப்படியானால் தயக்கம் எதற்கு?

ரத்த வங்கிகள் பல ஆண்டுகள் தயங்கியதற்கு ரத்தம் காரணம் இல்லை, மனிதர்கள்தான்.

உலகம் முழுவதும் ரத்த தானம் நம்பிக்கையில் ஓடுகிறது. எச்ஐவி, கல்லீரல் அழற்சிக் கிருமிகள் போன்றவற்றுக்குச் சோதனை செய்கிறார்கள். ஆனால் தொற்று ஏற்பட்ட முதல் சில நாள்களில் எந்தச் சோதனையும் அதைக் காட்டாது. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பாற்றுவது நீங்கள் படிவத்தில் எழுதும் உண்மையான பதில் மட்டும்தான். தானத்துக்குக் காசு கொடுக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். காசு வந்தால் பொய் சொல்ல ஒரு காரணம் வந்துவிடும்.

ஹீமோகுரோமாடோசிஸ் உள்ளவருக்குக் காசு கையில் வராது, ஆனால் மிச்சமாகும். மருத்துவமனையில் ரத்தம் எடுக்கக் கட்டணம் உண்டு. ரத்த வங்கியில் இலவசம், பிஸ்கட்டும் பானமும் வேறு. அப்போது "போன மாசம் புதுசா ஒரு உறவு இருந்துச்சே, அதைச் சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்களே" என்று யோசிக்கத் தோன்றுமா, தோன்றாதா? எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் செய்தாலே போதும் என்பதுதான் ரத்த வங்கியின் பயம்.

அமெரிக்கா இதை எப்படித் தீர்த்தது என்பது எனக்குப் பிடித்த பகுதி. அங்கே சிகிச்சைக்காக எடுத்த ரத்தப் பையில், கொடுத்தவரின் நோய்ப் பெயரை ஒட்ட வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. நோயின் பெயர் ஒட்டிய பையை எந்த மருத்துவமனை விரும்பும்? ஆக, நல்ல ரத்தம் குப்பைக்குப் போனது. 2001ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு வழி திறந்தது: ஹீமோகுரோமாடோசிஸ் உள்ளவர் தானத்துக்குத் தகுதி பெற்றாலும் பெறாவிட்டாலும் அவருக்கு இலவசமாகவே ரத்தம் எடுக்கும் நிலையங்கள் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2015ல் வெளியாகி அடுத்த ஆண்டு நடப்புக்கு வந்த விதிகள் அதையே பொதுவாக்கின. எல்லாருக்கும் இலவசம் என்றால் அந்த நிலையத்துக்கு ஒட்டுச்சீட்டுத் தேவையில்லை.

யோசித்துப் பாருங்கள், ரத்தத்தில் எதையும் மாற்றவில்லை. பொய் சொல்வதால் கிடைக்கும் லாபத்தை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னாலும் இலவசம், பொய் சொன்னாலும் இலவசம். அப்புறம் எதற்குப் பொய்?

ஆஸ்திரேலியாவிலும் இதே தத்துவம். அங்குள்ள செஞ்சிலுவைச் சங்கத்தின் லைஃப்பிளட் அமைப்பு, மருத்துவரின் பரிந்துரையோடு வருபவர்களுக்குக் கட்டணமில்லாமல் ரத்தம் எடுக்கிறது. தானத்துக்கான மற்ற விதிகளுக்குப் பொருந்தினால் அந்தப் பை நோயாளிகளுக்குப் போகும். பொருந்தாவிட்டால் அப்புறப்படுத்துவார்கள், ஆனால் வந்தவருக்குச் சிகிச்சை கிடைத்துவிடும். பிரிட்டனில் இரும்பு அளவு கட்டுக்குள் வந்து, பராமரிப்புக் கட்டத்தில் இருப்பவர்களைத் தானம் செய்ய அனுமதிக்கிறார்கள். பெர்த்திலோ மெல்பர்னிலோ படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

சொல்லாமல் போனால் என்ன ஆகும்?

சிங்கப்பூருக்கு வருவோம். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் குறைந்தது 13.0, பெண்களுக்கு 12.5, எடை குறைந்தது 45 கிலோ, இரண்டு தானங்களுக்கு இடையே 12 வாரம். இதெல்லாம் அடிக்கடி கொடுப்பவர்களுக்கு மனப்பாடம். படிவத்தில் உடல்நலக் கேள்விகள் இருக்கும், பிறகு ஒருவர் உட்கார வைத்துப் பேசுவார். இந்த நோய் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால், சொல்ல வேண்டிய இடம் அதுதான். இன்னும் நல்லது, கிளம்புவதற்கு முன்பே சிகிச்சை தரும் மருத்துவரிடமும் ரத்த வங்கியிடமும் கேட்டுவிடுவது. ஊட்ரம் ரோடு வரை போய்த் திரும்பி வருவதைவிட ஒரு தொலைபேசி அழைப்பு சுலபம்.

மறைத்தால் சட்டப்படியும் பிரச்சினை. ரத்த தானப் படிவத்தில் பொய்யான தகவல் தருவது தொற்றுநோய்கள் சட்டத்தின்கீழ் குற்றம். 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பாலுறவு பற்றிய கேள்விக்குப் பொய் சொன்னவர்கள் இங்கே சிறைக்கே போயிருக்கிறார்கள். சட்டம் தொற்றுநோயை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுதான். அதற்காகப் படிவத்தின் மற்ற கேள்விகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது சட்டம் இல்லை, கணக்கு. 12 வாரத்துக்கு ஒரு தடவை என்றால் ஆண்டுக்கு 4 பை. அதாவது 1 கிராம் இரும்புகூட முழுசாக வெளியே போகாது. அதே ஆண்டில் திறந்த கதவு வழியாக முக்கால் கிராம் உள்ளே வந்துவிடும். 10 கிராம் சேர்த்து வைத்திருப்பவர் இப்படி ரகசியமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால், "நான்தான் டிரீட்மென்ட் எடுக்கிறேனே" என்ற நிம்மதியோடு கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். ரத்த வங்கி உங்கள் கல்லீரலையோ இதயத்தையோ சோதிப்பதில்லை. இதயத்தில் இரும்பு படிந்திருப்பவருக்கு ஒரே நேரத்தில் 450 மில்லிலிட்டர் எடுப்பது ஆபத்தாகவும் முடியலாம்.

இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை. தானம் முடிந்ததும் கையில் இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். சாதாரணமாகத் தானம் செய்பவருக்கு அது மிகவும் நல்லது. விஷயத்தை மறைத்தவர் அதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார், அம்மா கண்ணில் பட்டால் தினமும் விழுங்க வைப்பார். இறக்கிய இரும்பில் ஒரு பங்கு திரும்ப உள்ளே.

குடும்பமும் இதில் இருக்கிறது. அண்ணனுக்கு இந்த நோய் உறுதியானால் தம்பி தங்கை ஒவ்வொருவருக்கும் அது இருக்க 4ல் 1 வாய்ப்பு. பெயர் தெரியாமல் ஃபெரிட்டினை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தால் அவர்களைச் சோதிக்கும் எண்ணமே யாருக்கும் வராது.

அதே இரும்பு, எதிர்ப்பக்கம்

இங்கே மரபுவழி ரத்தக் கோளாறு என்றால் அதிகம் காதில் விழுவது தலசீமியா. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு, காரணமும் இருக்கிறது. கடுமையான தலசீமியா உள்ளவர்களுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பையும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பைக் கொண்டுவரும். அது வெளியே போகாது. ஆக அவர்களுக்கும் கல்லீரலிலும் இதயத்திலும் இரும்பு சேர்கிறது. ஏற்கெனவே ரத்தம் போதாதவரிடமிருந்து ரத்தம் எடுக்க முடியுமா? அதனால் இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகளைக் காலம் முழுக்க எடுக்கிறார்கள். ஒருவர் இரும்பு கூடியதால் ரத்தம் கொடுக்கிறார், இன்னொருவருக்கு ரத்தம் வாங்கியதால் இரும்பு கூடுகிறது.

தலசீமியா மரபணுவை ஒன்று மட்டும் சுமப்பவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ஹீமோகுளோபின் தகுதி அளவைத் தொட்டால் அவர்கள் தானம் செய்யலாம். தொடாவிட்டால் இரும்புக் குறைவு என்று தாங்களாகவே மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம், அவர்களுடைய சேமிப்பு நிரம்பியே இருக்கக்கூடும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை

முருங்கைக் கீரையை விட வேண்டுமா என்று கேட்டால், தேவையில்லை. சாப்பாட்டைக் குறைத்து இந்த நோயைக் கட்டுப்படுத்த முடியாது, பை எடுப்பதுதான் வேலை செய்யும். விட வேண்டியவை இரும்பு மாத்திரை, இரும்பு சேர்த்த சத்து மாத்திரை, வைட்டமின் சி மாத்திரை, இவைதான். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துவிடும். கல்லீரலுக்காக மதுவும். சாப்பாட்டோடு ஒரு தே குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது கொஞ்சம் குறையும், அது ஒரு சின்ன ஆறுதல்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பச்சைச் சிப்பி, லக்சாவில் அரைவேக்காட்டில் போடும் சீ ஹம், இவை வேண்டாம். கடல் உணவில் இருக்கக்கூடிய விப்ரியோ வல்நிஃபிக்கஸ் என்ற கிருமி, இரும்பு அதிகமுள்ள உடம்பில் வெறியோடு பெருகும். ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடக்கூடியது. நன்றாக வேக வைத்துச் சாப்பிட்டால் பயமில்லை.

நீரிழிவும் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அடிக்கடி ரத்தம் எடுக்கும்போது உடம்பில் புதிய சிவப்பணுக்கள் கூடுதலாக இருக்கும். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் சோதனை உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். சர்க்கரை இறங்கிவிட்டது என்று கொண்டாடும் முன் மருத்துவரிடம் ரத்தம் எடுத்த விவரத்தைச் சொல்லுங்கள்.

நண்பனுக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதினேன். "எஸ்ஸே எழுதுறியாடா" என்று கேட்டான். ஆனாலும் பலதுறை மருந்தகத்துக்குப் போனான். வெறும் வயிற்றில் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 31 விழுக்காடு. கல்லீரல் ஸ்கேனில் கொழுப்பு. எடையைக் குறைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை பீரை நிறுத்த வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஃபெரிட்டின் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் மருத்துவர். ஜிம்மில் யோசனை சொன்ன அந்த ஆளுக்கும் இப்போது தன் எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.